இங்கிலீஷ் ஞானதாஸ் சொன்ன கேஜ் கதை

நான் படித்தது ஐந்தாவது. அதற்குமேல் படித்தவர்கள் எத்தனையோ பேர் என் கடையில் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் முதல் டிவி வாங்கியவன் இந்தத் தாமோதரன்தான், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பூமிக்கடியில் கல் வாரிய கையால் ஆண்டர்சன்பேட்டையில் டிவி கடை வைத்தேன், கடைக்கு மேலே ஹாலும் கட்டினேன். என்னை ஏமாற்றுகிறவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன், போன மாதம் வரைக்கும்.

ஆனால் எழுத உட்கார்ந்தது என் கதையை அல்ல, ஞானதாஸின் கதையை. அவன் தாத்தாவும் என் தாத்தாவும் வடஆற்காட்டிலிருந்து ஒன்றாகச் சுரங்கத்துக்கு வந்தவர்கள். அவன் நந்திதுர்க் சுரங்கத்தில் பெல்மேன். ஆளை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டைக் கேஜ் என்போம். பெல்மேன் மணி அடித்துச் சொன்னால்தான் மேலே இருக்கும் இன்ஜின்காரர் அதை நகர்த்துவார். மூன்று முறை அடித்தால் கேஜில் ஆள் ஏறியிருக்கிறது, பார்த்து நகர்த்து என்று அர்த்தம். தப்பாக அடித்தால் உயிர் போகும். ஞானதாஸ் ஒரு நாளும் தப்பாக அடித்ததில்லை.

எப்போதும் வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட பேன்ட். மாதா கோயில் பாட்டுக் குழுவில் இங்கிலீஷ் பாட்டு. ஃபோர்மேன் லாய்ட் துரையிடம் "எஸ் சார், ரைட் சார்." இவ்வளவு போதாதா? லைனில் அவன் 'இங்கிலீஷ் ஞானதாஸ்' ஆகிவிட்டான். நிலம், வீடு என்று அவன் எதுவும் சேர்க்கவில்லை. அவனுக்கு இருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் ஒரு இங்கிலீஷ் தொடர் போட்டார்கள். வானத்தில் போகிற ஒரு கப்பல், அதில் ஊர் திரும்ப வழி தேடுகிற கொஞ்சம் பேர். அதன் உண்மையான பெயர் இன்றைக்கும் என் வாயில் நுழையாது. லைனில் அதற்குப் பெயர் 'கேஜ் கதை'. பெயர் வைத்தவன் ஞானதாஸ். டிவி பக்கத்தில் நின்றுகொண்டு, அவர்கள் பேசப் பேச இவன் தமிழில் சொல்வான். கப்பல்தான் கேஜ். ஒவ்வொரு கிரகமும் ஒரு லெவல், சுரங்கத்தில் கேஜ் நிற்கும் ஒரு தளம். கப்பலில் விளக்கு மினுக்கி மணி அடித்தால், "மூணு பெல்லு! ஆள் ஏறிட்டாங்க, நவுருங்கப்பா!" என்பான். பிள்ளைகள் நகர்ந்தே விடும். என் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது. இத்தனை ஜனமும் நம் டிவிக்குத்தானே வருகிறது என்று நான் நாற்காலியில் உட்கார்ந்து மீசையை முறுக்குவேன்.

சுரங்கம் மூடியபின் அவன் பெங்களூருக்கு ரயிலேறி ஓர் அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டியாக நின்றான். அதுவும் முடிந்து, இப்போது அவனும் அவன் மனைவி தெரசாவும் பழைய லைன் வீட்டிலேயே இருக்கிறார்கள். பெயர் மட்டும் தேயவில்லை. டீக்கடையில் இன்னமும் "வா இங்கிலீஷு" என்றுதான் கூப்பிடுவார்கள்.

என் தங்கை பேத்தி சுனிதா தினமும் அதே ரயிலில் வேலைக்குப் போகிறவள். அவளும் அவள் கூட்டாளிகளும் அந்தத் தொடரை எங்கேயோ கண்டுபிடித்து, போனில் பார்த்து முடித்து, மறுபடி முதலிலிருந்து பார்க்கிறார்களாம். கீழே தமிழ் எழுத்து ஓடுகிற மாதிரி அவர்களே எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து பெரிய திரையில் பார்க்க இடம் வேண்டும் என்றாள்.

"என் ஹால் இருக்கும்போது இன்னாத்துக்கு இடம் தேடறே? உங்களுக்கு முன்னாலயே மொத்தக் கதையும் தமிழ்ல சொன்ன ஆளு நம்ம ஊர்லயே கீறான். அவனுக்கு ஒரு சால்வை போடுவோம்" என்றேன். பிள்ளைகள் குதித்தார்கள்.

ஞானதாஸைக் கூப்பிடப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. அப்புறம் கேட்டான்: "தமிழ்ல எழுத்து ஓடும்ன்றியே, அவங்க பேசற எல்லாத்துக்குமா?"

"ஒவ்வொரு வார்த்தைக்கும்."

"எனக்கு கண்ணு ஆப்பரேஷன் ஆச்சில்ல தாமு. வெளிச்சம் ஆகாது."

உள்ளேயிருந்து தெரசா, "நேத்து கிரிக்கெட் பாத்துகினு இருந்தப்ப எந்தக் கண்ணாம்?" என்றாள்.

அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். நான் அப்போதாவது புரிந்துகொண்டிருக்க வேண்டும். சால்வை வாங்கியாச்சு, மரியாதையா வந்து சேர் என்று அதட்டிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்தது. லைன் ஆட்களும் வந்திருந்தார்கள், வயசான ரத்தினம்மா உட்பட. ஞானதாஸை முன்வரிசையில் உட்காரவைத்துச் சால்வை போட்டேன். மைக்கைப் பிடித்தால் நான் லேசில் விடமாட்டேன். "இந்தப் பாகத்துல மெக்கானிக் கப்பலுக்கு வெளிய போய் மாட்டிக்குவான். எல்லாரும் செத்துட்டான்னு நெனப்பாங்க. ஆனா அவன் தூங்கறான். அப்பறம் வேற கேஜ் புடிச்சு மேல வந்துடுவான்!"

சுனிதா நெளிந்தாள். "தாத்தா, ஸ்பாய்லர் வேணாம்… ஆனா அவர் செத்துடுவாரே."

"நீ சரியாப் பாக்கலம்மா. ஞானதாஸ் வாயால கேட்டவன் நான். அவன் செத்திருந்தா இந்த மீசையை எடுத்துடறேன், போ!"

கைதட்டல். நான் ஞானதாஸைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படம் ஓடியது. கப்பலில் விளக்கு மினுக்கி மூன்று முறை மணி அடித்தது. பழைய ஞாபகத்தில் நான் எழுந்து, "மூணு பெல்லு! ஆள் ஏறிட்டாங்க!" என்று கத்திவிட்டேன். திரையில் கீழே எழுத்து வந்தது: 'காற்று கசிகிறது. கதவுகளை மூடுங்கள்.' பிள்ளைகள் சிரித்தார்கள். கெட்ட எண்ணமில்லாத சிரிப்புதான். என் காது சுட்டது. கடைசியில் மெக்கானிக்கின் முகத்தைத் துணியால் மூடினார்கள். கேப்டன் தலை குனிந்து நின்று ஏதோ சொன்னான். எழுத்து வந்தது: 'இவனை இங்கேயே அடக்கம் செய்வோம்.'

என் கை தானாக மீசைக்குப் போனது. முன்வரிசை நாற்காலியில் சால்வை மடித்து வைத்திருந்தது. ஆளைக் காணோம்.

மாடிப்படியில் பிடித்தேன். தெரசா அவனை இறங்கவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா இது?"

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது தாமு. எஸ் சார், ரைட் சார், அவ்ளோதான். பாட்டுகூட மனப்பாடம். படத்தப் பாத்து நானா சொன்னேன்."

"செத்தவனத் தூங்கறான்னு ஏன்டா சொன்னே?"

"சுரங்கத்துல பாறை வெடிச்சு ரத்தினம்மா வீட்டுக்காரர் போன மறு வாரம் அது. அந்தப் பொண்ணு முன்னால உக்காந்துகினு இருந்துச்சு. செத்துட்டான்னு என் வாயில எப்படி வரும்?"

பின்னால் படியில் ரத்தினம்மாவே நின்றிருந்தாள், மூச்சு வாங்கிக்கொண்டு. ஞானதாஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ண்ணா" என்றாள். "மூஞ்சி மேல துணிய இழுத்து மூடறாங்க. நீ இன்னாடான்னா, குளுருது, போர்த்தி விடறாங்கன்றே. எனக்குத் தெரியாதா துணி எதுக்கு மூடறாங்கன்னு? பொம்பளைங்க எல்லாம் உன் மூஞ்சியதான் பாத்தோம். எச்சி முழுங்கி முழுங்கிச் சொன்னே."

"அப்பறம் எதுக்கு வாரா வாரம் வந்தீங்க?" என்று கேட்டான் ஞானதாஸ்.

"நீ இன்னா சொல்றேன்னு கேக்கத்தான். டிவியிலதான் ஒண்ணும் புரியலியே."

அவனுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று அவள் நினைத்திருப்பாள். அவன் முகம் இன்னும் கறுத்தது. "அப்ப இத்தன வருஷமா நான் இங்கிலீஷுன்னு நெஞ்ச நிமித்திகினு நடந்தது… லைனுக்கே தெரியுமா?"

தெரசா மெதுவாகச் சொன்னாள்: "தாமோதரன் அண்ணனுக்கு மட்டும் தெரியாது."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே பிள்ளைகள் அடுத்த பாகத்துக்கு என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போகவில்லை.

மறுநாள் சலூனில் மீசையை எடுத்தேன். சொன்ன சொல் சொல்தான். கண்ணாடியில் என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதைவிடச் சகிக்காதது ஒன்று இருந்தது. என் டிவிக்கு லைனே கூடும் என்று கல்யாண வீடு, காரிய வீடு எதையும் விடாமல் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போய் எப்படிச் சிரித்தார்களோ.

ஞானதாஸ் டீக்கடைக்கு வரவில்லை. சுனிதா கூட்டம் அவன் வீட்டுக்கே போய், சத்தத்தை நிறுத்திவிட்டுப் படம் போடுகிறோம், உங்கள் கதையைச் சொல்லுங்கள் என்று கெஞ்சியதாம். கதவைச் சாத்திக்கொண்டானாம்.

நான் போனேன். தெரசா, "வெளிய வரமாட்டறார்ண்ணா, வெட்கப்படறார்" என்றாள்.

"நானுந்தான். அவன வந்து என் மூஞ்சியப் பாக்கச் சொல்லு."

வந்தான். என் மேலுதட்டைப் பார்த்தான். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டான். தெரசா கொடுத்த காப்பியை இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டே குடித்தோம்.

"ஜனம் என் டிவிக்கு வருதுன்னு நெனச்சிருந்தேன்டா" என்றேன்.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். டீக்கடைக்கு வா என்று கூப்பிட்டதற்கு, கொஞ்சம் யோசித்து, "உனக்கு மீசை வளரட்டும், சேந்து போவலாம்" என்றான்.

வயசான முகம். மெதுவாகத்தான் வளர்கிறது.