சீரில் வந்த லேப்டாப்பும் மேகலாவின் லினக்ஸும்

உடையார்பாளையத்துக்கு மருமகளாக வந்தபோது, மேகலாவின் சீர்வரிசையில் குத்துவிளக்குக்கும் எவர்சில்வர் அண்டாவுக்கும் நடுவே ஒரு லேப்டாப்பும் உட்கார்ந்திருந்தது. பிளஸ் டூவில் அரசு இலவசமாகக் கொடுத்தது. அவளுடைய அப்பா கண்ணையன் பெருமை தாங்காமல் அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்து வரிசையில் அடுக்கிவிட்டார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. சீரில் வந்த சாமான் வீட்டுக்கே பொது. அண்டாவை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால் லேப்டாப்பை மட்டும் பூட்டியா வைக்க முடியும்?

மேகலாவுக்கோ அது பிழைப்பு. ஆரி எம்பிராய்டரி ஜாக்கெட்டுக்கு அதில்தான் டிசைன் வரைவாள். முதுகில் மயில், கையில் மாங்காய்க் கொடி. ஜெயங்கொண்டத்து டெய்லர் ஜெயசுதா அதை வாங்கித் துணியில் பதிப்பாள். கொழுந்தன் ராஜேஷுக்கு அதே லேப்டாப் சினிமாக் கொட்டகை. ஒருநாள் புதுப் படத்துக்கு இடம் பத்தவில்லை என்று, ஒரு கல்யாணப் பெண்ணுக்காக அவள் வரைந்து முடித்திருந்த மயிலை அந்த மகராசன் அழித்தே விட்டான். மறுநாள் கொடுக்க வேண்டிய வேலை. மேகலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் ஜெயசுதா வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாள். கொழுந்தனைத் திட்டலாமென்றால், புதுமருமகள் வாயைத் திறந்தாள் என்று தெருவே பேசும்.

மறுபடி வரைய உட்கார்ந்தவள், விண்டோஸா லினக்ஸா என்று லேப்டாப் திறக்கும்போதெல்லாம் கேட்கும் திரையை அன்றைக்குத்தான் நிதானமாகப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் விண்டோஸை அமுக்கினார்கள், அவளும் அமுக்கினாள். இப்போது வீம்புக்கு மற்றதை அமுக்கினாள். எல்லாமே வேறு மாதிரி இருந்தது. ஆனால் வரைவதற்கு வேண்டியது அதிலும் இலவசமாகக் கிடைத்தது. கொஞ்ச நாள் தடுமாறினாள், பிறகு கை பழகிவிட்டது. கேள்வியே கேட்காமல் நேராக லினக்ஸே திறக்கும்படியும் செய்துவிட்டாள்.

ராஜேஷ் வந்து திறந்தான். படத்தைக் காணோம், கேமும் ஓடவில்லை. லேப்டாப் போச்சு அண்ணி என்று உச்சுக்கொட்டி மூடிவைத்துவிட்டுப் போனான். மேகலா அதை அப்படியே விட்டுவிட்டு, அவன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வரைந்தாள்.

ஊரே விண்டோஸ் வைத்திருக்க உனக்கு மட்டும் ஏன் இது என்று ஜெயசுதா கேட்டபோது, வைரஸ் தொல்லை இல்லை, காசும் கட்ட வேண்டாம் என்றாள் மேகலா. அதெல்லாம் சும்மா. அத்தனை பேர் புழங்கும் வீட்டில் அவளுக்கே அவளுக்கென்று ஓரிடம் கிடைத்திருந்தது. அந்தச் சந்தோஷத்தை வெளியில் சொல்லவா முடியும்?

ஒரு மத்தியானம் ஜெயங்கொண்டம் போய்விட்டுத் திரும்பியவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மாமியார் புஷ்பவல்லி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த லேப்டாப்பில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். குட்டு உடைந்தது என்றே மேகலா நினைத்தாள். பின்னாலேயே வந்த ராஜேஷ், லேப்டாப் சரியாகிவிட்டதா என்று கேட்டான்.

புஷ்பவல்லி சட்டென்று மூடினார். "எங்கடா சரியாச்சு? தூசி தொடைக்கிறேன், போடா."

அவன் போனதும் மருமகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவள் வரையும்போது வெங்காயம் உரிக்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். மேகலா வெளியே போகும் நாளெல்லாம் ஆட்டம்தானாம்.

"எனக்கும் இதான் புடிச்சிருக்கு, மேகலா. இந்த வூட்டுல ஒருத்தனும் வந்து புடுங்க மாட்டான் பாரு."

மேகலாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தச் செவப்பு ஏழைத் தூக்கி கருப்பு எட்டு மேல வைங்க, அத்தை."