கணக்கு மாஸ்ரரின் பெருங்குடல்

போன கிழமை நெல்லியடியில் ஒரு சிறிய மருத்துவ நிலையத்தில், என் மகன் வயதிருக்கும் வைத்தியர் ஒருவர் என் வயிற்றை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, மூடிபோட்ட சிறு பிளாஸ்ரிக் குடுவை ஒன்றை நீட்டினார்.

"ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ அங்கிள். ஐம்பது தாண்டினா எல்லாரும் செய்யவேணும்."

பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே வரும். குடுவையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மோட்டார்சைக்கிளில் ஏறினேன். வல்லைவெளி வருவதற்குள் என் செத்தவீட்டுக்கு யார் யார் வருவார்கள், யார் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு மட்டும் வருவார்கள் என்று பிரித்து முடித்திருந்தேன். காற்றில் சட்டைப்பையிலிருந்து டெற்றோல் மணந்தது. அந்த மணம் பட்டால் எனக்கு எங்கள் டொக்டர் நினைவில் வந்துவிடுவார்.

உங்களுக்கு அவரைத் தெரிந்திருக்காது. வெளிநாட்டில் படித்து, அங்கேயே சுகமாக இருந்திருக்க வேண்டிய மனுசி. திரும்பி வந்து ஆயுள் முழுக்க எங்கள் சனத்தின் குடலோடு மல்லுக்கட்டினார். கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கசியும்போதே பிடித்துவிட்டால் குடல் புற்றுநோய்க்காரரைக் காப்பாற்றலாம் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. எங்கள் ஊர்களில் அப்படிப் பிடிக்க முடியுமா என்பது அவருடைய ஆராய்ச்சி. அதற்கு வீடு வீடாகப் போய் மலம் வாங்கிவர ஓர் ஆள் வேண்டியிருந்தது. பட்டம் முடித்து வேலையில்லாமல் திரிந்த நான் அந்த ஆளானேன். அம்மா அயலுக்கு 'ஆராய்ச்சி உதவியாளர்' என்று சொன்னார். அயல் எனக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

"உவை தங்கடை வயித்தைப் பற்றி வாயே திறக்க மாட்டினம்" என்பார் டொக்டர். "பிள்ளையின்ரை மார்க்ஸைக் கேட்டுப் பார், விடிய விடியக் கதைப்பினம்."

அந்த மார்க்ஸ் புத்திதான் எங்களுக்கு ஆப்பு வைத்தது.

பண்டத்தரிப்புப் பக்கம் ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்ரர் ஒருவர் இருந்தார். பரீட்சை மண்டபத்தில் பக்கத்துப் பொடியனைப் பார்த்தெழுதியவனைக் காதில் பிடித்து வெளியே கொண்டுபோய் வெயிலில் நிறுத்துகிறவர். நிறுத்தப்பட்டவர்களில் எனக்கு ஒரு சித்தப்பாவும் உண்டு. வீட்டுக்கு ஒருவர் என்பது ஆராய்ச்சிக்குப் பணம் தந்தவர்களின் விதி என்பதால், மாஸ்ரரிடம் குடுவையைக் கொடுத்தேன். மூன்று நாளைக்குப் பீற்றூட் சாப்பிட வேண்டாம் என்றேன். கிராமமே பீற்றூட் கிண்டிக்கொண்டிருந்த காலம் அது. அதைச் சாப்பிடாதே என்பது கடற்கரையில் மீன் சாப்பிடாதே என்பது போல.

"இதிலை பாஸ் மார்க் எவ்வளவு?" என்று கேட்டார் மாஸ்ரர்.

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

முடிவு வந்தது. இரத்தம் இருந்தது, அதுவும் கடுமையாக. டொக்டர் மாஸ்ரரைக் கூப்பிட்டுக் குடலுக்குள் கமெரா விட வேண்டும் என்றார். அதற்கு முதல்நாள் குடிக்கக் கொடுக்கிற மருந்து குடலை முற்றம் கூட்டுவதுபோலக் கூட்டிவிடும். மாஸ்ரர் பகல் முழுக்க வளவின் பின்பக்கத்துக்கு ஓடியதை ஊரே வேலிக்கு மேலால் பார்த்தது. மாஸ்ரருக்குக் குடலில் ஏதோ என்று பொழுதுபடமுன் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கமெராவில் ஒன்றுமில்லை. குழந்தைப்பிள்ளையின் குடல் மாதிரி இருந்தது.

"இப்பிடியும் நடக்கிறதுதான்" என்றார் டொக்டர். ஆனால் அவர் நெற்றி சுருங்கியே இருந்தது. "எண்டாலும் இவ்வளவு கடுமையா வந்திருக்கக் கூடாது. நீ போய் வடிவா விசாரிச்சுக்கொண்டு வா."

இங்கேதான் என் கதை தொடங்குகிறது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேலைசெய்கிற நாங்களும் ஆளுக்கொரு குடுவை கொடுத்திருந்தோம். என்னுடையது, மாஸ்ரருடையதோடு ஒரே பெட்டியில், ஒரே சைக்கிளில், ஒரே மழையில் நனைந்து வந்தது. ஒட்டிய பெயர்கள் இரண்டும் கழன்றிருந்தன. நான்தான் திரும்ப ஒட்டினேன். மாஸ்ரருக்கு ஒன்றுமில்லை என்றால் அந்த இரத்தம் யாருடையது? ஆராய்ச்சி உதவியாளரின் அறிவு ஒரே பாய்ச்சலில் விடைக்கு வந்தது: என்னுடையது. வயிறு உடனே எரிந்தது. பண்டத்தரிப்புக்குச் சைக்கிள் மிதித்தபோது, நான் போனபிறகு இந்தச் சைக்கிள் தம்பிக்கு, கைக்கடிகாரம் சித்தப்பாவுக்கு என்று பங்குபோட்டேன். சித்தப்பா வெயிலில் நின்றவரல்லவா, ஏதாவது கிடைக்கட்டும்.

மாஸ்ரர் விறாந்தையில் தனியே இருந்தார்.

"மாஸ்ரர், உண்மையைச் சொல்லுங்கோ" என்றேன். "அந்தக் குடுவை மாறியிருக்கலாமோ?"

அவர் முகம் வெளிறியது. உள்ளே ஒருதரம் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "தம்பி, அது என்ரை இல்லை. அவவின்ரை."

"ஆற்றை?"

"மனுசியின்ரை. நான் ஆயுளிலை ஒரு சோதினையிலையும் பிழைவிட்டதில்லை. எனக்கு மூலக் கடுப்பு, இரத்தம் காட்டிப்போடுமெண்ட பயம். அவவுக்கு ஒரு காய்ச்சல்கூட வாறேல்லை. அவவின்ரையைக் குடுத்தா நிச்சயம் பாஸ் எண்டு நினைச்சன். பிறகு ரிசல்ற் வந்த உடனை, எனக்குக் கமெராவிலை ஒண்டுமில்லை எண்டா அந்த ரிசல்ற்தான் பிழை எண்டு சொல்லுவினம், எல்லாம் சரியாப் போகும் எண்டு…"

கணக்கு மாஸ்ரர் போட்ட கணக்கு!

அந்த நேரத்தில் எனக்கு வந்தது துக்கமல்ல. அப்படிச் சொன்னால் நான் பொய்யன். உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி இறங்கியது. வயிற்றெரிவு அந்தக் கணமே நின்றது. எழுந்து ஆடாத குறை. அப்போதுதான் மாஸ்ரரின் மனைவி, நாங்கள் அன்ரி என்று கூப்பிடும் பாக்கியம், கையில் தேத்தண்ணியோடு வாசலில் வந்து நின்றார்.

"என்ன, ரெண்டுபேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கிறியள்?"

மாஸ்ரரே சொன்னார். தலையை நிமிர்த்தாமல், பார்த்தெழுதிப் பிடிபட்ட பொடியனைப்போல. அன்ரி தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டு, மெதுவாகப் படியில் இருந்தார்.

"அப்ப ஃபெயில் விட்டது நானோ?" என்றார். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்ச நாளாக் களைப்புத்தான். வயசெண்டு நினைச்சன்."

மாஸ்ரர் அழுதார். அன்ரி அழவில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றார்.

"வாறன் ஆஸ்பத்திரிக்கு. ஆனா ஊருக்குத் தெரியக் கூடாது. உந்தச் சனம் வந்து சுத்திவரக் குந்திக்கொண்டு என்ரை முகத்தைப் பாத்துப் பெருமூச்சு விடும். வருத்தத்தைத் தாங்குவன். உதைத் தாங்கேலாது."

மாஸ்ரர் கண்ணைத் துடைத்தார். "ஊருக்கு ஏற்கெனவே தெரிஞ்சது என்ரை குடல்தானே. எனக்கெண்டே இருக்கட்டும்."

டொக்டர் இருவரையும் திட்டினார், என்னையும் சேர்த்து. பிறகு அன்ரிக்குக் கமெரா விட்டார். கட்டி இருந்தது, ஆனால் பரவவில்லை. வெட்டி எடுத்தார்கள். ஊர் அறிந்தது இதுதான்: மாஸ்ரருக்குப் பெரிய சத்திரசிகிச்சை, பாக்கியம் கூட நின்று பார்த்துக் களைத்துப்போய்ப் படுத்திருக்கிறா. மாஸ்ரர் விறாந்தையில் சாய்ந்த கதிரையில் போர்வையோடு கிடந்து, வருகிறவர்களின் பெருமூச்சுக்களையெல்லாம் தானே வாங்கிக்கொண்டார். தோடம்பழமும் முந்திரிகைப்பழமும் குவிந்தன. உள்ளறையில் தையல் நோவோடு படுத்திருந்த அன்ரிக்கு நான் உரித்துக் கொடுத்தேன். வெளியே மாஸ்ரர் முனகும் சத்தம் கேட்கும்.

"கேளும் தம்பி, நல்லா நடிக்குது. கலியாணம் கட்டின நாளிலையிருந்து உந்த மனுசன் இவ்வளவு பாடுபட்டதில்லை" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

அதற்குப் பிறகு டொக்டர் வீட்டுக்கு ஒருவர் என்ற விதியைத் தூக்கி எறிந்துவிட்டார். பணம் தந்தவர்களோடு பெரிய சண்டை. அடுப்படியில் நிற்கிறவர்களையும் கூப்பிட்டு, அவரவர் கையில் அவரவர் குடுவையைக் கொடுக்கச் சொன்னார்.

மாஸ்ரர் பல வருடங்களுக்குப் பிறகு மாரடைப்பில் போனார். செத்தவீட்டில், 'அந்தக் குடல் வருத்தத்தோடை இவ்வளவு காலம் இழுத்த மனுசன்' என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி அழுதார்கள். ஒப்பாரியிலும் அது வந்தது. அன்ரி அழுத கண்ணோடு என்னைத் தேடிப் பார்த்தார். கிட்டப் போனேன்.

"கேட்டியோ" என்றார் காதுக்குள். "கடைசிவரைக்கும் என்ரை வருத்தத்தைக் காவிக்கொண்டு போகுது."

டொக்டர் இப்போது இல்லை. அவருடைய ஆய்வுகூடம் இருந்த கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். அன்ரியும் போன வருடம் போனார், நல்ல முதுமையில், வேறு ஏதோ வருத்தத்தில். மாஸ்ரர் சுமந்துபோன அந்தக் குடல் வருத்தம் மாஸ்ரருடையது இல்லை என்று தெரிந்தவன் இனி நான் ஒருவன்தான். எல்லாவற்றையும் பகிடியாக்குகிறவன் என்று என்னை ஊருக்கே தெரியும். பண்டத்தரிப்பில் போய் இதைச் சொன்னால் ஒருவரும் நம்பப்போவதில்லை. மாஸ்ரர் பயப்படத் தேவையில்லை.