தன்னைத்தானே இழுத்துக் கட்டிக்கொள்ளும் கொட்டகை: பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்கு ஒரு நாள்

பண்ருட்டியில் நான் முந்திரி வியாபாரம் செய்கிறேன். கொட்டையை வாங்கி, வறுத்து, உடைத்து, பருப்பாக வெளியூருக்கு அனுப்புவது தொழில். உடைக்கிற கொட்டகையில் முப்பத்திரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் காற்று தூக்கியதில் கூரை ஷீட் ஒன்று பிய்ந்து உள்ளே விழுந்தது. அஞ்சலை என்கிற அம்மாவுக்குத் தோளில் பதினோரு தையல். ஒன்றரை மாதம் கழித்து வேலைக்குத் திரும்பி வந்தார். ஆனால் பழைய இடத்தில் உட்காரவில்லை. பலகையைத் தூக்கிக்கொண்டு வாசல் ஓரம் போய்விட்டார்.

இப்போது பக்கத்து மனையில் புதுக் கொட்டகை எழும்புகிறது. தூண்கள் நின்றுவிட்டன, கூரை பாக்கி. "புதுசுல உள்ள வந்து உக்காருங்க அஞ்சலம்மா" என்றேன். கையிலிருந்த கொட்டையை உடைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"மொதல்ல அது நிக்குமான்னு கேட்டுகினு வாங்க மொதலாளி."

நெய்வேலி போனதற்குக் காரணம் இவ்வளவுதான்.

அங்கே பழனிவேல் என்று, இரும்புக் கொட்டகை கட்டித்தருகிற ஒரு ஃபேப்ரிகேட்டர் இருக்கிறார். மைன்ஸில் காண்ட்ராக்ட் வெல்டராக இருந்து, சொந்தமாக ஒர்க் ஷாப் போட்டவர். என்னைப் போல அடிமட்டத்திலிருந்து வந்த ஆள், அதனால் பேச்சு ஒத்துப்போகும். தன் ஒர்க் ஷாப் கூரையிலேயே சென்சார் எல்லாம் பொருத்தி வைத்திருப்பதாகவும், காற்று அடித்தால் கூரை தானாகவே தன்னை இழுத்துக் கட்டிக்கொள்ளும் என்றும் போனில் சொன்னார். எனக்குப் புரியவில்லை. சென்சாரைக் கட்டும்போதே உள்ளே வைத்துவிட வேண்டும், ஷீட் போட்ட பிறகு வைத்தால் வேலை இரட்டிப்பு என்றும் சொன்னார். அது புரிந்தது. விஜயதசமி அன்று வரச் சொன்னார். ஆயுத பூஜையில் வைத்த மெஷின்களை மறுநாள் நல்ல நேரத்தில்தான் திரும்ப ஓட்டுவார்கள், அப்போதே இதையும் ஓட்டிக் காட்டுகிறேன் என்றார்.

காலை 7.10க்குப் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். இருபது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் இருபது ரூபாய். பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போகிற குழந்தைகள் பஸ் முழுக்க. புதுச் சட்டை, நெற்றி நிறையச் சந்தனம். 7.55க்கு ஆர்ச் கேட்டில் இறங்கினேன். அது தப்பு. டவுன்ஷிப்புக்குள் போகிற பஸ்ஸாகப் பார்த்து ஏறியிருந்தால் ஆட்டோவுக்கு நூற்றெண்பது ரூபாய் கொடுத்திருக்க வேண்டாம்.

ஆட்டோக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எந்த பிளாக்?" டவுன்ஷிப்பில் மனுஷனுக்குப் பெயருக்கு முன்னால் பிளாக் நம்பர்தான். ரோடெல்லாம் நேர்கோடு, இரண்டு பக்கமும் மரம், குவார்ட்டர்ஸெல்லாம் ஒரே அச்சு. மூன்று திருப்பம் திரும்பியதும் கிழக்கு மேற்கு எனக்கு மறந்துவிட்டது. வந்த வழியிலேயே திரும்பப் போகிறோமோ என்று சந்தேகம். பிளாக் இல்லை, மந்தாரக்குப்பம் போகிற ரோட்டில் பழனிவேல் ஒர்க் ஷாப் என்றேன்.

"அந்த அழுவுற கொட்டாயா?" என்றார். "காலைல ஆறு மணிலேர்ந்து அழுதுகினே இருக்குது. பூஜ போட்டதுக்குப் பலன் பாருங்கன்னு டீக்கடையில சிரிக்கிறாங்க."

8.35க்குப் போய்ச் சேர்ந்தபோது அது அழுதுகொண்டுதான் இருந்தது. வாசலில் உடைத்த பூசணிக்காய், தூணுக்குத் தூண் வாழைக்கன்று, உள்ளே சைரன். அதோடு கூரைப் பக்கமிருந்து சின்ன மோட்டார்கள் உர்ரென்று ஓடுவதும் நிற்பதும், மறுபடி ஓடுவதுமாக ஒரு சத்தம். பழனிவேல் கும்பிட்டார், ஆனால் முகத்தில் ரத்தமில்லை. அறுபதடிக்கு முப்பதடி கொட்டகை. நடுவில் ஒரு டிரம் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். பெயர் நித்யா. இந்த வேலையைச் செய்த இன்ஜினியர். அப்பா திருநெல்வேலிப் பக்கம், மைன்ஸில் பெர்மனன்ட். பெண் பிறந்து வளர்ந்தது இங்கே குவார்ட்டர்ஸில்.

அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். சென்சார் என்பது கல்லாவில் உட்கார்ந்து கவனிக்கிற ஆள். ஆக்சுவேட்டர் என்பது மூட்டை தூக்குகிற ஆள். நடுவில் சுவரிலிருக்கிற கன்ட்ரோல் பெட்டி, இவர் பார்த்ததை அவரிடம் சொல்லி வேலை வாங்குகிற மேனேஜர். நாலு தூணில் நெஞ்சு உயரத்துக்கு நாலு சின்னப் பெட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு வட்டக் கண்ணாடி. அதன் வழியாக லேசர் ஒளி மேலே போய், கூரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதென்று அளக்கும். ஐந்தாவது சென்சார் பெட்டியே இல்லை. மெல்லிய தகடு மாதிரி ஒன்றை உச்சியில் குறுக்கே ஓடும் இரும்புக் கம்பியில் ஒட்டியிருக்கிறார்கள். கம்பி எவ்வளவு விறைப்பாக இருக்கிறதென்று அது பார்க்கும். காற்று கூரையைத் தூக்கினால் சென்சார் கண்டுபிடிக்கும், கூரையை இழுத்துப் பிடிக்கிற கம்பிகளின் முனையிலிருக்கிற மோட்டார்கள் திருகி இறுக்கும். தாங்காது என்று தெரிந்தால் சைரன் கத்தும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு லேப்டாப்பில் நாலு பெட்டியும், கூரை தங்களுக்கு அரை அங்குலம் மேலே இருப்பதாகச் சொல்லின. அதாவது எங்கள் நெஞ்சு உயரத்துக்கு இறங்கிவிட்டதாம். நாங்கள் அதன் கீழேதான் நின்றுகொண்டிருந்தோம்.

நித்யா ஒயரைப் பார்த்தாள். கரண்ட்டை அளந்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். யாரிடமோ போனில் இங்கிலீஷில் பேசினாள். பத்து மணி ஆகிவிட்டது. பழனிவேல் எனக்கு இரண்டாவது காபி வாங்கி வரச் சொன்னார். அஞ்சலைக்குச் சொல்லப் பதில் கிடைத்துவிட்டது, கிளம்பலாம் என்று நினைத்தேன். இருந்தாலும் முப்பது வருஷ வியாபாரப் பழக்கம் விடவில்லை. நல்ல சரக்கு திடீரென்று கெட்டால் சரக்கைத் திட்டக்கூடாது, நேற்று யார் கை பட்டது என்று பார்க்க வேண்டும்.

"முந்தாநாள் வரைக்கும் ஒழுங்கா இருந்துச்சா?" என்று கேட்டேன். இருந்தது என்றார்கள். நேற்று என்ன புதிதாகச் செய்தீர்கள் என்றேன். ஒன்றுமே செய்யவில்லை, மெயினை அணைத்துவிட்டுப் பூஜை போட்டோம், இன்றைக்குக் காலையில்தான் போட்டோம் என்றார் பழனிவேல்.

அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். லேத் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம். வெல்டிங் செட்டுக்கு, ஏணிக்கு, தண்ணி டிரம்முக்கு, அளக்கிற டேப்புக்குக்கூட. பக்கத்துத் தூணிலிருந்த பெட்டியிடம் போனேன். வட்டக் கண்ணாடிக்கு நட்டநடுவில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், மேலே குங்குமம். காய்ந்து இறுகிக் கிடந்தது.

எல்லாரும் மேஸ்திரி ஏழுமலையைப் பார்த்தார்கள். ஐம்பது வயதிருக்கும், அசையவில்லை.

"மெஷினு எல்லாத்துக்கும் வெக்கச் சொன்னீங்க, வெச்சேன். ரவுண்டா இருந்துச்சி, நெத்தி மாதிரி இருந்துச்சி."

"அது நெத்தி இல்லண்ணே, கண்ணு" என்றாள் நித்யா. அவளுக்கு அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

ஈரத் துண்டால் துடைத்தார்கள். ஒவ்வொன்றாக நாலும் அடங்கின. கூரை பதினாலு அடிக்குத் திரும்பிப் போனது. ஆனால் சைரன் நிற்கவில்லை. உச்சிக் கம்பியின் மோட்டார் மட்டும் திருகுவதும் நிற்பதுமாக இருந்தது. ஐந்தாவது சென்சார், கம்பி தளர்ந்திருக்கிறது என்று விடாமல் சொன்னது. வெயில் ஏறினால் இரும்பு நீளும், அதுவாக இருக்கும் என்றாள் நித்யா. நாலும் பொய் சொன்ன இடத்தில் இதுவும் பொய்தான், அணைத்துவிட்டுச் சாப்பிடப் போவோம் என்றார் பழனிவேல். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நித்யா சுவிட்சில் கை வைத்தபோது, சும்மா வாயில் வந்ததைக் கேட்டேன்.

"அதுக்குப் பொட்டு வெச்சது யாரு?"

ஏழுமலை அண்ணாந்து பார்த்தார். "அங்க எட்டலைங்க. பெயிண்ட் அடிக்கக் கட்டின சாரத்தப் பூஜைக்கு முன்னாடியே அவுத்துட்டோம்."

அந்தச் சென்சாருக்குச் சந்தனமே இல்லை. அப்படியானால் அது எதைச் சொல்கிறது? நித்யா சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள். ஏழுமலையே ஏணி போட்டு ஏறினார். கம்பியின் நடுவில் அதை முறுக்கிப் பிடிக்கிற இணைப்பு ஒன்று இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்தவர், மேலேயிருந்தே இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு சுத்து மரைதான் புடிச்சிகினு இருக்குதுங்க."

பூஜைக்குப் பளபளவென்று இருக்கட்டும் என்று, நேற்று காலை மெயினை அணைத்த பிறகு அவரேதான் அந்த இணைப்பைத் தளர்த்தி, அடியில் பெயிண்ட் அடித்தாராம். திரும்ப இறுக்கினாராம், ஆனால் அது கழலாமல் பிடிக்கிற பூட்டு நட்டை மறந்துவிட்டார். நேற்று பதினைந்து பேர் அதன் கீழே உட்கார்ந்து பொரி கடலை சாப்பிட்டிருக்கிறார்கள். இறங்கி வந்தவர் நித்யாவிடம், "நல்லவேள, அதுக்கு எட்டல பாப்பா" என்றார். பூட்டு நட்டோடு திரும்ப ஏறி அவரே இறுக்கினார், சைரன் நின்றது.

மதியம் ஒழுங்காக ஓட்டிக் காட்டினார்கள். ஒரு பக்கத்து உத்திரத்தை, பாரம் தூக்குகிற செயின் பிளாக் போட்டு இழுத்தார்கள். நாலே வினாடியில் மோட்டார் இறுக்கியது. என் கண்ணுக்கு எதுவுமே அசைந்த மாதிரி தெரியவில்லை. ஆறு மில்லிமீட்டர் அசைந்ததாக லேப்டாப் சொன்னது. நம்புவதா வேண்டாமா? ஒரு சிட்டிகை சந்தனத்தில் ஏமாந்ததும் இதுதான், பதினைந்து பேர் கண்ணுக்குத் தப்பியதைப் பிடித்ததும் இதுதான். மனிதரில் இப்படி ஒரு ஆள் இருந்தால் கடையில் வைத்துக்கொள்வேனா என்று யோசித்தேன். தெரியவில்லை. கிளம்பும்போது நித்யாவிடம் அஞ்சலையின் கேள்வியையே கேட்டேன். நிக்குமா?

"நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன் அங்கிள். நிக்காதுன்னா முன்னாடியே சொல்லும்."

விற்க வந்தவர் வாயில் இப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்லை. அதனாலேயே ஆர்டர் கொடுத்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: டவுன்ஷிப்புக்குள் போகிற பஸ்தானா என்று கண்டக்டரிடம் கேட்டு ஏறுங்கள். யாரைப் பார்ப்பதானாலும் பிளாக் நம்பரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு தொண்ணூறு ரூபாய்க்கு நன்றாகவே கிடைக்கிறது. திரும்புவதற்கு 4.20 பஸ் எனக்கு வசதியாக இருந்தது. இந்த மாதிரிக் கூரை போட நினைத்தால், மழைக்கு இரண்டு மாதம் முன்னாலேயே பேசிவிடுங்கள். என்னைப் போல ஐப்பசி வாசலில் நின்று அவசரப்படாதீர்கள். ஓட்டிக் காட்டும்போது கெட்டுப்போனால் கிளம்பிவிடாதீர்கள். கெட்டுப்போகும்போதுதான் கற்றுக்கொள்ள முடிகிறது. சென்சார் பெட்டிக்குப் பூஜை போடுவீர்கள், நானும் போடுவேன். பெட்டிக்கு முதுகு இருக்கிறது, பொட்டை அங்கே வையுங்கள்.

மறுநாள் காலையில் அஞ்சலையிடம் நடந்ததையெல்லாம் சொல்லி, புதுக் கொட்டகை டிராயிங்கையும் விரித்துக் காட்டினேன். இங்கே சென்சார், இங்கே மோட்டார், இங்கே சைரன். பொறுமையாகக் கேட்டார்.

"கத்துனா எல்லாரும் எழுந்து ஓடணும்."

"ஆமா."

"எந்தப் பக்கம்?"

டிராயிங்கைப் பார்த்தேன். முந்திரி உடைக்கிற கொட்டகைக்கு எங்கள் ஊரில் ஒரே வாசல்தான் வைப்போம். சாயங்காலம் போகும்போது யார் மடியிலும் பருப்பு போகாமல் பார்த்து அனுப்ப அதுதான் தோது. முப்பத்திரண்டு பேருக்கும் சேர்த்து நாலடி அகலத்தில் ஒன்று. புதுசிலும் அப்படியே வரைந்து வாங்கியிருந்தேன். வருஷம் முழுக்க அஞ்சலை ஏன் வாசலோரம் உட்கார்ந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கூரையைப் பார்த்து இடம் மாறவில்லை.

பழனிவேலுக்குப் போன் போட்டு, பின்சுவரில் இன்னொரு வாசல் விடச் சொன்னேன். அதற்கும் சென்சார் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற கதவு போதும் என்றேன். அஞ்சலை டிராயிங்கில் பின்சுவரில் அந்தப் புது வாசல் வரப்போகிற இடத்தின் ஓரத்தில் விரலை வைத்து, "நான் இங்க உக்காந்துக்கறேன்" என்றார்.