சிவப்புப் புள்ளிக்கு மாறிய மாதம்

கைத்துப்பாக்கிப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதே கேட்டுவிடுவார்கள், எந்த டிவிஷன் என்று. நேரத்தோடு போட்டியிட்டு, ஓடி ஓடி அட்டைகளையும் இரும்புத் தட்டுகளையும் சுடுவது எல்லோருக்கும் ஒன்றுதான். துப்பாக்கியைப் பொறுத்து முடிவுப் பட்டியல் மட்டும் தனித்தனி. இரும்புக் குறிமுனையைப் பார்த்துச் சுடுகிறவர்களுக்குப் புரொடக்‌ஷன். அதே துப்பாக்கியின் தலையில் சின்னக் கண்ணாடி பொருத்தி, அதில் தெரியும் சிவப்புப் புள்ளியை வைத்துச் சுடுகிறவர்களுக்கு ஆப்டிக்ஸ். ஒரு பட்டியலில் இருப்பவன் இன்னொரு பட்டியலில் இருப்பவனை ஜெயித்தேன் என்று பீற்றிக்கொள்ள முடியாது. எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

ஏனென்றால் நான் ஜெயிக்க விரும்பிய ஆள் ஒருவன்தான். மன்னார்க்காரன், எலெக்ட்ரீஷியன், நாங்கள் பிழைக்க வந்த இந்த வெளிநாட்டு நகரத்தின் ரோவில் புறநகரில் வீடு. கிளப்பின் பாதுகாப்பு வகுப்பில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன். அவனுக்கு நான் மச்சான், மதுரைக்காரனான எனக்கு அவன் மாப்ள. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நான் இருக்கும் கிளென் வேவர்லிக்கு வந்து என்னைக் காரில் ஏற்றிக்கொள்வான். ஹாரன் சத்தம் கேட்டதும் என் மனைவி, "உங்க சம்பந்தி வந்தாச்சு" என்பாள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், வாய் ஓயாது. எங்களுக்குள் ஒரே பந்தயம்: தோற்றவன் அடுத்த மாதம் இருவருக்கும் மதியச் சாப்பாடு கொண்டுவர வேண்டும். அவன் தோற்றால் மட்டன் ரோல்ஸ். நான் தோற்றால் என் கையாலேயே கிண்டிய எலுமிச்சை சாதம்.

ஐம்பது வயதைத் தாண்டியதும் என் கண் காலை வாரியது. தூரத்து அட்டை பளிச்சென்று தெரியும், கைக்கெட்டிய தூரத்துக் குறிமுனை பஞ்சுபோல் கலங்கும். கண் டாக்டர், வயசானால் எல்லோருக்கும் வருவதுதான் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதம் வரிசையாகத் தோற்றேன். மூன்றாம் மாதம் கடுப்பில், "போதும்டா மாப்ள, லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துட்டு வீட்ல உக்காந்து கிரிக்கெட் பாக்கப்போறேன்" என்றேன். அவன் வண்டியை ஓட்டிக்கொண்டே என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

அடுத்த மாதமே அதிர்ஷ்டம் திரும்பியது. அவன் சறுக்க ஆரம்பித்தான். ஒரு மாதம் தட்டைத் தவறவிடுவான், ஒரு மாதம் தோட்டா மாற்றும்போது தடுமாறுவான். நான் ஒரு வருடம் ரோல்ஸாகத் தின்று தீர்த்தேன். சும்மாவும் தின்னவில்லை. "விரலை வெடுக்குன்னு இழுக்காதடா, மெதுவா அழுத்து" என்று வாய் நிறைய ரோல்ஸோடு அவனுக்குப் பாடம் எடுத்தேன். "ஓம் மச்சான், ஓம்" என்று அவனும் தலையாட்டினான்.

ஆப்டிக்ஸுக்கு மாறிவிடேன் என்று கிளப்பில் எத்தனையோ பேர் சொன்னார்கள். பிட் அடித்துப் பரீட்சை எழுதுகிற வேலை எனக்கு வேண்டாம் என்று மீசையை முறுக்கினேன். உள்ளே இருந்த காரணம் வேறு. மாறினால் எங்கள் இரண்டு பெயரும் ஒரே தாளில் வராது. காரில் சண்டை போட என்ன இருக்கும்?

பிறகு ஒரு சனிக்கிழமை, சுடவே கூடாத வெள்ளை அட்டையை நான் இரண்டு முறை சுட்டேன். அட்டைதான், அபராதப் புள்ளிதான். ஆனால் சுடும்போது குறிமுனை எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. துப்பாக்கி விஷயத்தில் குத்துமதிப்பு கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்றைக்கும் அவன் எனக்குக் கீழேதான் வந்திருந்தான். அதைக்கூட நான் யோசிக்கவில்லை, மடையன்.

திரும்பும்போது தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அடுத்த மாசம் ஆப்டிக்ஸ்ல பேர் குடுக்கப்போறேன்டா."

"நல்ல விஷயம் மச்சான்" என்றான் சட்டென்று. கொஞ்சமாவது வருத்தப்படுவான் என்று எதிர்பார்த்திருந்தேன். வீடு வரும்வரை உர்ரென்று உட்கார்ந்திருந்தேன்.

மறுமாதம் நான் சிவப்புப் புள்ளியோடு இறங்கினேன். புள்ளி அட்டைமேல் போய்த் தெளிவாக உட்கார்ந்தது. சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. பிறகு அவன் முறை வந்தது. டைமர் பீப் என்றது. அடேயப்பா! யார் இவன்? ஆறு தட்டு, ஆறு குண்டு, ஒன்றும் வீணில்லை. தோட்டா மாற்றிய கை கண்ணுக்கே தெரியவில்லை. நேரம் பிடித்த அதிகாரி டைமரை இரண்டு முறை பார்த்தார்.

மதியம் போனில் முடிவு வந்தது. ஆப்டிக்ஸில் நான் நடுவில் எங்கோ கிடந்தேன். புரொடக்‌ஷனில் முதல் பெயர் அவனுடையது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் அவன் தன் கையை அவிழ்த்துவிட்டிருக்கிறான்.

கார் பார்க்கில் அவனைப் பிடித்தேன். "டேய், ஒரு வருஷமா வேணும்னே தோத்தியா?"

"இண்டைக்கு ஏதோ தற்செயலா..."

"பொய் சொன்ன, பல்லைப் பேத்துருவேன்."

அவன் கார்ச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீ மூண்டு தரம் தோத்திட்டு, லைசென்ஸைக் குடுக்கப்போறன் எண்டு சொன்னனி. எனக்குப் பயமாப் போச்சு மச்சான். வீட்டில பிள்ளையள் இங்கிலீஷிலதான் பதில் சொல்லுதுகள். வேலையிலயும் இங்கிலீஷ்தான். நான் வாய்விட்டுக் கதைக்கிறது இந்தக் காருக்குள்ளதான். நீ வராட்டி, ஆரோட நான் கதைக்கிறது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அறையலாம் போலிருந்தது. கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. என் ஒரு வருட வெற்றி மொத்தமும் அவன் போட்ட பிச்சை. அதில் பாடம் வேறு எடுத்திருக்கிறேன், வெட்கங்கெட்டவன்.

"அடுத்த மாசம் நீயும் ஆப்டிக்ஸுக்கு வர்ற" என்றேன். "ஒரு குண்டு பொய்யா சுட்ட, அப்புறம் ஜென்மத்துக்கும் உன் வண்டில ஏற மாட்டேன். ஒழுங்கா சுட்டுக்கிட்டு இருந்தா, நான் கடைசியா வந்தாலும் வருவேன். போதுமா?"

"ஓம்" என்றான்.

வந்தான். என்னைத் துவைத்துக் காயப்போட்டான். காரில் ஒவ்வொரு தட்டுக்கும் சண்டை போட்டோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அதற்கடுத்த மாதம் எலுமிச்சை சாதம் கொண்டுபோனேன். இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன் போல, என்னாலேயே வாயில் வைக்க முடியவில்லை. அவன் டப்பாவை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "சோக்கா இருக்கு மச்சான்" என்றான்.

அந்த ஒரு பொய்யை மட்டும் விட்டுவிட்டேன்.