கரோலின் அக்கா தேடியது

டோல்கேட் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் ஆன்லைன் சேவைக் கடையில் ஜன்னத் உட்கார்ந்து மூன்று வருடம் ஆகிறது. வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள். பி.காம். படித்துவிட்டு ரேஷன் கார்டில் பேர் திருத்துகிறாளே என்று சொந்தக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் அவள் கை வேகத்துக்கு வரிசை மளமளவென்று நகரும்.

அந்த வேகத்துக்குக் காரணம் உண்டு. கம்ப்யூட்டரில் எப்போதும், அவள் போனில் இருக்கும் அதே சொந்தக் கணக்கே திறந்திருக்கும். மெயில் இல்லாதவர்களுக்கு அவள் மெயில். ஓடிபி வர அவள் நம்பர். எந்த இணையதளம் எதைக் கேட்டாலும் படிக்காமலே சம்மதம் என்று தட்டிவிடுவாள்.

பக்கத்துச் சந்தில் இருக்கும் கரோலின், கடை காலியாக இருந்த ஒரு மத்தியானம் பார்த்து வந்தாள். ஜன்னத்தின் அம்மாவிடம் பிளவுஸ் தைக்கக் கொடுப்பவள். கல்யாணமாகி ஐந்து வருடம், குழந்தை இல்லை. குறை கணவன் ஜார்ஜுக்கு என்று பரிசோதனையில் வந்திருந்தது. அவன் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான்.

"எங்க வூட்டு போன்ல தேடுனா அவரு தம்பிங்க பாத்துருவானுங்க. உன்னாண்ட மட்டும்தான் சொல்றேன் ஜன்னத்து. ஒரு ஆளுக்குத் தெரிஞ்சாலும் ஆஸ்பத்திரி பக்கமே வரமாட்டேன்னுகிறாரு. இந்த ஒரு தபா வர்றேன்னு சொன்னதே பெர்சு."

நான்கு ஆஸ்பத்திரிகளைத் தேடி, ஒன்றில் சனிக்கிழமைக்கு நேரம் பதிந்தார்கள். பழக்க தோஷத்தில் ஜன்னத் தன் நம்பரையே கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் அம்மா ஷரீஃபுன்னிசா மகளின் போனில் கல்யாண உடை மாடல் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் குழந்தையின்மை சிகிச்சை விளம்பரம். தள்ளினால் இன்னொன்று.

"இன்னாடி இது? நிக்காவுக்கு ரெண்டு மாசந்தான் கீது. உனக்கு எதுக்கு இந்த ஆஸ்பத்திரி? மாப்ள ஃபர்ஹான் வூட்ல பாத்தா இன்னா நெனப்பாங்க?"

"நான் தேடலம்மா."

"போன் உன்னுதுதானே? பேய் வந்து தேடுச்சா?"

கடையில் யாரோ தேடியது என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அம்மாவின் பார்வை தன் வயிற்றுக்குப் போனதைக் கண்டதும் ஜன்னத் பதறிப்போனாள்.

"கரோலின் அக்கா தேடுனதும்மா! ஜார்ஜ் அண்ணனுக்குத்தான் கொற!"

அம்மாவின் முகம் தெளிந்தது. அந்த நிம்மதியைப் பார்த்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று ஜன்னத்துக்கு உறைத்தது.

"யாராண்டயும் சொல்லிறாத."

"நான் ஏண்டி சொல்லப்போறேன்?"

அம்மா வெளியாட்கள் யாரிடமும் சொல்லவில்லைதான். வியாழக்கிழமை பிளவுஸ் வாங்க கரோலின் ஜார்ஜோடு பைக்கில் வந்தபோது, மனசு தாங்காமல் அவனிடமே சொன்னாள்: "கவலப்படாதீங்க தம்பி. துஆ செய்றேன். உங்களுக்குச் சரியாப்பூடும்."

ஜார்ஜ் கரோலினை ஏற்றிக்கொள்ளாமலே பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

அவள் நேராகக் கடைக்கு வந்தாள். நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் ஜன்னத் முந்திக்கொண்டாள். "கம்ப்யூட்டர்தான்க்கா. நாம தேடுனத மோப்பம் புடிச்சி, என் போனுக்கு வெளம்பரமா அனுப்பிச்சி..."

"ஜார்ஜு பேரையுமா அது சொல்லிச்சு?"

ஜன்னத் கீபோர்டைப் பார்த்தாள். "இல்லக்கா. நான்தான் சொன்னேன்."

கரோலின் பிளவுஸ் பையை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் ஜன்னத் தன் கணக்கைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தாள். பழைய தேடல்களை அழித்தாள். ஒவ்வொருவருக்கும், எதையும் சேமித்து வைக்காத தனி பிரவுசர் ஜன்னலைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடினாள். நம்பர் கேட்டால் அவரவர் நம்பர். வரிசை தேங்கியது.

"இன்னாம்மா, இன்னிக்கு இவ்ளோ ஸ்லோ?" என்றார் வரிசையில் நின்ற கிருஷ்ணப்பன்.

"நீங்க பாக்குறது உங்களோட போவட்டும்ணே."

"நான் பாக்கறது கரண்ட் பில்லு. அதுல இன்னா ரகசியம் கீது?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் போனில் செய்தி வந்தது: 'நீங்கள் இன்று வரவில்லை. வேறு நாள் வேண்டுமெனில் இந்த எண்ணை அழைக்கவும்.' கரோலினுக்கு அனுப்பலாம். ஆனால் அந்த போனை யார் யார் எடுப்பார்களோ.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சந்துமுனை வரை நடந்தாள். கரோலின் வீட்டு வாசலில் ஜார்ஜின் பைக் நின்றது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். செய்தியை அழிக்கவில்லை. பைக் இல்லாத நேரமாகப் பார்த்து, வாயாலேயே சொல்ல வேண்டும். கரோலின் கதவைத் திறந்தால்.