நான் கடைந்த பிடியில் பன்றி மயிர்

நான் கடைந்து கொடுத்த சவர பிரஷ் பிடிகளில் என் மருமகன் பன்றி மயிரை ஒட்டி, எங்கள் ஊர் உப்புக்குளத்தில் நம் பள்ளிவாசல் ஆட்களுக்கே விற்றிருக்கிறான்.

இன்று ஜும்ஆ தொழுகைக்கு முன் தாடி ஓரம் மழிக்க நாவிதர் ஒஸ்தாவிடம் உட்கார்ந்தேன். அவர் கையில் இருந்த பிரஷுக்கு, முதிரை மரத்தில் கடைந்து, அரக்கு ஏற்றி, தாழை மடலால் நானே மினுக்கிய பிடி. பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் கன்னத்தில் குத்தியது. ஆட்டு மயிர் இப்படிக் குத்தாது.

"உங்கட மருமகன் தந்ததுதான், காக்கா. ஒரு முடியும் உதிருதில்ல" என்றார் ஒஸ்தா.

நுரையோடு எழுந்து மருமகனின் கடைக்குப் போனேன்.

"இது என்ன முடி, மருமகன்?"

"பண்டி முடி, மாமா. அரசாங்கக் கச்சேரி வெள்ளைக்காரத் துரைமாருக்கெண்டு கொழும்பில எடுத்தனான். ஆட்டு முடி முடிஞ்சு போச்சு. ஆர் பார்க்கப் போறாங்க?"

"என்ட கன்னம் பார்த்திட்டுதே!"

இந்த முகத்தோடா தொழப் போக இருந்தேன்? இதற்கு முன் எத்தனை பேர் இப்படித் தொழுதார்கள்?

மருமகன் இன்றே வீடு வீடாகப் போய் உண்மையைச் சொல்லி, பிரஷ்களைத் திருப்பி எடுக்க வேண்டும். ஒஸ்தா தன் கிண்ணத்தை மண் சேர்த்து ஏழு தரம் கழுவ வேண்டும். பிரஷ்கள் திரும்பி வரும்வரை என் மகள் தன் புருஷனுக்குச் சோறு போடக் கூடாது. பிரஷ் வாங்கியவர்கள் வெட்கப்படாமல் என் பட்டறைக்கு வந்து, வாங்கினோம் என்று சொல்ல வேண்டும்.

கன்னத்து நுரையைக் கழுவாமலே இந்தப் பட்டியலைப் போட்டிருக்கிறேன். இதில் யாரையாவது விட்டிருந்தால் நீங்கள் சொல்லுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.