அண்ணாச்சி இறங்கிய சிமெண்ட் ஆறு

சுடலைக்கண்ணனை யாராவது "ஏலே" என்று கூப்பிட்டுவிட்டால் போதும், அன்றைக்குக் கடையில் ஒருவரும் நிம்மதியாகச் சாமான் வாங்க முடியாது. தூத்துக்குடி மார்க்கெட் பக்கம் பலசரக்குக் கடை. அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு வார்த்தையைச் சம்பாதிக்க மனுஷர் பாதி ஆயுளைக் கொடுத்திருந்தார்.

அப்பா செத்த கையோடு அவரைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, நாசரேத்தில் ஒரு கடையில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அவருக்குப் பெயரே கிடையாது. "ஏலே, மூட்டையத் தூக்கு. ஏலே, தண்ணி கொண்டா. ஏலே, இங்கன வா." அரைக்கால் டவுசரோடு ஓடியாடி வேலை பார்த்தார். சொந்தக் கடை போட்ட அன்றைக்குத்தான் வேட்டி கட்டினார், அதற்குப்பிறகு டவுசரைத் தொடவில்லை. தங்கச்சி முத்துக்கனியைச் சீரும் சிறப்புமாகக் கட்டிக்கொடுத்தார். தனக்குப் பிள்ளை இல்லாத குறை, அவள் மகள் செல்வராணி பிறந்ததும் தீர்ந்தது. அந்தப் பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கியதே இல்லை.

வினை தங்கச்சி மாப்பிள்ளை வழியாக வந்தது. செந்தில்வேல் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், சுடலைக்கண்ணனைவிட இளையவர். இன்ஜின் சத்தத்தோடு பேசிப் பேசி அவருக்கு மெதுவாகப் பேசவே வராது. ஒருநாள் கடைத்தெருவில் லாரியைத் திருப்ப இடமில்லை. வழியில் கிடந்த வெங்காய மூட்டையைப் பார்த்துவிட்டு, லாரியில் இருந்தபடியே, "ஏலே, அந்த மூட்டைய எடுலே!" என்று கத்தினார். கத்தியது மச்சினனைப் பார்த்து. கடை நிறைய ஆட்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அன்றோடு பேச்சு முறிந்தது. "தப்புன்னு சொல்லட்டும்" என்றார் இவர். "தப்பா பேசியிருந்தால்லா சொல்லதுக்கு" என்றார் அவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் முத்துக்கனி அழுது அழுது ஓய்ந்துபோனாள்.

இப்போது செல்வராணிக்கு ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் கையைப் பிடித்துத்தான் பெண் மணவடைக்கு வரவேண்டும். சுடலைக்கண்ணனும் அந்த நாளுக்குத்தான் காத்திருந்தார். ஆனாலும் அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று சொன்னது சொன்னதுதான். செல்வராணிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"மாமா, கல்யாணத்துக்கு முன்னால உங்ககூட ஒரு எடத்துக்குப் போகணும். வருவீங்களா?"

"ஏளா, நீ கூப்பிட்டு வராமலா?" என்று கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்.

திருச்செந்தூர் ரோட்டுப் பக்கம் புதிதாக வந்திருக்கும் பார்க் அது. தேரிக்காட்டுச் செம்மணலைத் தோண்டி, சிமெண்ட் பூசி, மோட்டார் வைத்துத் தண்ணீரை மேலே ஏற்றிக் கீழே தள்ளிவிட்டு, அதற்கு ஆறு என்று பெயர் வைத்திருந்தார்கள். சுற்று வட்டாரத்தில் குடம் தண்ணீருக்குச் சண்டை நடக்கிறது. கூப்பிடு தூரத்தில் கடல் சும்மா கிடக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு, சிமெண்ட் வாய்க்காலில் ரப்பர் படகில் உருள்வதற்கு இவ்வளவு கூட்டம். யார் மூளையில் உதித்ததோ, அந்த மகராசன் நல்லா இருக்கட்டும்.

கேட்டுக்குள் நுழைந்தால் செந்தில்வேல் நிற்கிறார். அவருக்கும் விஷயம் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பப் போனார்கள். செல்வராணி இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காக ஒரு தடவ. ஒரே ஒரு தடவ."

வேட்டியோடு படகில் ஏறக்கூடாதாம். தலைக்கு ஒரு ஹெல்மெட்டும், வாடகைக்கு ஒரு அரைக்கால் டவுசரும் கொடுத்தார்கள். டவுசரைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது சுடலைக்கண்ணனுக்கு உடம்பெல்லாம் கூசியது. நாசரேத் கடையில் நிற்கிற மாதிரியே இருந்தது. செந்தில்வேல் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை அடக்கத்தான் திருப்பினார் என்று இவர் நினைத்தார்.

படகை நடத்தியவர் ஆலந்தலைக்காரர் இனிகோ. இவரை வலது பக்கம் உட்காரவைத்தார், அவரை இடது பக்கம். "ரெண்டு பேரும் ஒண்ணா துடுப்புப் போடணும் சார்" என்றார். யார் கேட்டார்கள்? அவர் முன்னே தள்ள இவர் பின்னே இழுக்க, படகு நின்ற இடத்திலேயே செக்கு மாதிரிச் சுற்றியது.

"மாமா! அப்பா!" என்று நடுவில் இருந்து கத்தினாள் செல்வராணி.

அதற்குள் படகு பள்ளத்தில் சரிந்தது. பக்கவாட்டில் மோதியதில் சுடலைக்கண்ணன் வெளியே போய் விழுந்தார். மூக்கிலும் வாயிலும் தண்ணீர். எப்படியோ படகின் ஓரக் கயிறு கையில் அகப்பட்டது. செந்தில்வேல் துடுப்பை வீசிவிட்டுக் குனிந்து கையை நீட்டினார்.

"ஏலே, கையக் குடுலே!"

பிடித்திருந்தால் ஒரே தூக்கில் மேலே வந்திருப்பார். சுடலைக்கண்ணன் அந்தக் கையைப் பார்த்தார். அப்புறம் கயிற்றையும் விட்டுவிட்டார்.

தண்ணீர் அவரைப் படிப்படியாக உருட்டிக்கொண்டு போனது. முழங்கால் சிராய்த்தது, தொண்டை எரிந்தது. இனிகோ விசில் ஊத, மேலே யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள். சற்று நேரத்தில் ஆறு வற்றிவிட்டது. வெறும் சிமெண்ட் தரையில், டவுசரும் ஹெல்மெட்டுமாக, சுடலைக்கண்ணன் உட்கார்ந்திருந்தார். கரையெல்லாம் வேடிக்கை பார்க்கிற கூட்டம்.

செல்வராணி ஓடிவந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லளா, அழாத."

"கயித்த ஏன் மாமா விட்டீங்க?"

"ஒங்கப்பன் என்ன சொன்னாம்னு கேட்டியா?"

பின்னாலேயே வந்த செந்தில்வேல், "முங்கப்போற ஆளை வெத்தல பாக்கு வச்சா கூப்பிட முடியும்? அவசரத்துக்கு வாயில வந்தது" என்றார். சிமெண்ட் தரையில் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்திருந்தார். இவர் அதைக் கவனிக்கவில்லை.

"அவசரத்துக்கு வாரதுதாம்லே உள்ள கெடக்கது!"

"மாமா, என்னைய பொறந்ததுல இருந்து ஏளான்னுதான கூப்பிடுதீங்க. பொம்பளப் பிள்ளைக்கு அதுதான ஏலே. நான் என்னைக்காவது மூஞ்சியத் தூக்குனேனா?"

"நீ வேற, அது வேற. ஒங்கப்பன் கடை வாசல்ல வந்து, நாலு பேரு முன்னால தப்புன்னு சொல்லட்டும். ஒன் கையப் பிடிச்சு மணவடைக்குக் கூட்டிட்டு வாரேன்."

"கொலையா பண்ணிட்டேன்? சொல்ல மாட்டேன்" என்றார் செந்தில்வேல்.

செல்வராணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது. மாமாவின் ஹெல்மெட்டைக் கழற்றி, துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிவிட்டாள். அப்புறம் துண்டை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"கடைத்தெருவுல எல்லாருக்கும் பத்திரிகை வைக்கோம். ஒங்க கடைக்கும் வரும்" என்றாள். "வந்து சாப்பிட்டுட்டுப் போங்க அண்ணாச்சி."

சுடலைக்கண்ணன் தன்னையறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே வேறு யாரும் இல்லை.